தார் தொடங்கும் இடம்

வேனை மூடியிருந்த படங்கின் கடைசி முடிச்சு மட்டும் அவிழ மாட்டேன் என்று அடம்பிடித்தது. தனுஷிகா அதைப் பல்லால் கடித்து இழுத்தாள். நைலோன் கயிறு உதட்டைக் கீறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அப்பா போடும் முடிச்சு அப்படித்தான். போட்டவரைத் தவிர வேறொருவருக்கும் இளகாது. போட்டவரோ வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"புள்ள, அத தொடாத."

மூச்சு பாதிதான் வந்தது. அதட்டல் முழுதாக வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்ப்பா. ஒங்களுக்கு எப்பிடி வேர்த்து ஊத்துதுன்னு பாருங்க."

"நம்பர் இல்ல. நம்பர் வராம அது ரோட்டுல எறங்கக் கூடாது. சாவிய கொண்டுபோய் சாமி தட்டுல வை."

அம்மா புஷ்பவதி துவாலையால் அவர் நெற்றியைத் துடைத்துத் துடைத்து, துவாலை நனைந்ததுதான் மிச்சம். "இந்தாங்க, இந்த நேரத்துலயா நம்பரு? அவ ஓட்டட்டும்ங்க" என்றாள். அப்பா நாகலிங்கம் தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்பதற்கான ஆட்டல் அது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த ஆட்டலை அம்மா ஒருமுறைகூட வென்றதில்லை.

யட்டியாந்தோட்டைக்கு மேலே இறப்பர் மரங்களுக்கு நடுவே வரிசை வீடுகளாக இருக்கும் அந்த லயத்தில், காலை நேரத்தில் நோயில் விழுவது என்பது பெரிய பிழை. ஆம்பளைகள் எல்லோரும் பால் வெட்டப் போயிருப்பார்கள். தோட்டத்துக்கு இருக்கும் ஒரே ஆட்டோ, அஸீஸ் நானாவுடையது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கிவிட்டது. அம்புலன்சுக்குப் போன் பண்ணியாயிற்று. அவர்கள் சிங்களத்தில், தங்கச்சி என்று கூப்பிட்டு, அன்பாகத்தான் பேசினார்கள். புறப்பட்டுவிட்டோம் நங்கி, பயப்பட வேண்டாம், ஆனால் சந்திக்கு மேலே வர முடியாது, மழையில் உடைந்த சின்னப் பாலத்துக்குப் பலகைதானே போட்டிருக்கிறது, எங்கள் வண்டியின் பாரத்தை அது தாங்காது, நோயாளியை எப்படியாவது சந்திக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள்.

எப்படியாவது என்பது எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை. தனுஷிகா ஒரு கையில் சாவியோடும் மறு கையில் பாதி அவிழ்ந்த படங்கோடும் நின்றாள். படங்குக்குள்ளிருந்து வேனின் வெள்ளை மூக்கு எட்டிப் பார்த்தது. மூக்குக்குக் கீழே நம்பர் தகடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அந்த வேன் வந்த கதையைத் தோட்டத்தில் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அண்ணன் துஷாந்தன் ஜப்பானில் பழைய வாகனங்களைக் கழுவி அடுக்கும் யார்டு ஒன்றில் வேலை செய்கிறான். வாகன இறக்குமதித் தடை நீங்கிய கையோடு, அங்கே ஏலத்தில் ஒரு சின்ன வேனை எடுத்து, அப்பாவின் பெயருக்குக் கப்பலில் போட்டுவிட்டான். துறைமுகத்துக்கு அலைந்து, சுங்கத்துக்கு அலைந்து, வேன் வெளியே வந்தபோது அந்த வேலையைச் செய்து கொடுத்த ஏஜன்ட், "இருட்டோட இருட்டா ஓட்டிட்டுப் போயிருங்க ஐயா, ஒருத்தனும் மறிக்க மாட்டான்" என்று சொல்லியிருக்கிறான். அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு லொறியைப் பிடித்து, வேனை அதன் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பாலம் அப்போது நன்றாக இருந்தது. "நாகலிங்கம் வீட்டு வேனுக்கு நடக்கத் தெரியாது, தூக்கிக்கிட்டு வர்றாங்க" என்று லயமே கூடி நின்று கேலி பண்ணியது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் சக்கரம் வாசலில் பட்டதும் படங்கை மூடிக் கட்டிவிட்டார்.

பதிவுக்கு ஒரேயொரு தாள்தான் குறை. ஜப்பானில் அந்த வேனின் பதிவை நீக்கியதற்கான பத்திரம். பிரதி செல்லாது, அசலே வேண்டும் என்றுவிட்டார்கள். அண்ணன் அதைத் தபாலில் போட்டுவிட்டான். அது வந்தால் நம்பர் வரும். நம்பர் வந்தால் மாரியம்மன் கோயிலில் பூசை. பூசை முடிந்தால் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம். பிள்ளைகள் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவராகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா, "இன்னும் கொஞ்ச நாளுதான்டா" என்று கையசைப்பார்.

அதுவரை காலையில் எழுந்ததும் படங்கை விலக்கி, எஞ்சினை மட்டும் கொஞ்ச நேரம் ஓட விடுவார். சாவியைத் திருப்பியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று அண்ணனிடம் கேட்டதற்கு, "அங்க ரோட்டுக்குக் காசு கட்டுற கார்டு ஒன்னு இருக்குப்பா, அது போடலன்னு சொல்றா" என்றான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியா புள்ள, அவளும் கார்டுதான் கேக்குறா." அன்றிலிருந்து அவளுக்குப் பதில் சொல்லாமல் எஞ்சினை நிறுத்தியதில்லை. "வந்துகிட்டு இருக்கும்மா. கொஞ்சம் பொறு."

கார்டு என்றால் அப்பாவுக்கு விளையாட்டில்லை. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அதற்கு முன்னால், இளவட்டமாக இருந்த காலத்தில், அடையாள அட்டை இல்லை என்று பஸ்ஸிலிருந்து இறக்கி எங்கோ ஒரு பொலிஸ் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் வீட்டில் சொன்னதேயில்லை. அட்டை வந்த பிறகு குளிக்கப் போனாலும் அதை பொலித்தீன் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். லைசன் எடுத்தது அதற்கும் பிறகு. மகளுக்கு, வேன் வருவதற்கு முன்பே, தானே கூட்டிக்கொண்டு போய் லைசன் எடுத்துக் கொடுத்தார். "தாள் இருந்தா ஒருத்தன் நம்மள எறக்க முடியாது" என்பார். அப்படிப்பட்டவரின் சொல்லைத் தள்ளிவிட்டு வேனை எடுக்கத் தனுஷிகாவுக்குக் கை வரவில்லை. பொலிஸ் மறித்து, வேனைப் பறித்து, அதைப் பார்த்தே அவர் உயிர் போய்விட்டால்? அந்த எண்ணம்தான் அவளைக் கட்டிப்போட்டது. சாவியைச் சாமி தட்டில் வைத்துவிட்டு, மலையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

கிருஷ்ணராஜ்தான் முதலில் ஓடி வந்தான். அப்பாவின் தங்கை மகன். பால் வாளியை வழியிலேயே போட்டுவிட்டு வந்திருந்தான். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். கதிரையோடு தூக்கினார்கள். மேலிருந்து சந்திக்கு இறங்கும் அந்தக் கல் ரோடு வளைந்து வளைந்து, வழுக்கிக்கொண்டு போகும். ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள். முதல் வளைவில் அப்பாவின் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. எடுக்க யாரும் நிற்கவில்லை.

தனுஷிகா கதிரையின் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே ஓடினாள். அவள் பயந்த அளவுக்கு அந்த ரோட்டில் யாரும் பயந்திருக்க மாட்டார்கள். கும்பிடாத சாமி இல்லை. அப்பாவின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. இரண்டாவது வளைவில் அவர் கண்ணைத் திறந்து அவளைத் தேடினார்.

"படங்க மூடுனியா?"

"என்னாப்பா?"

"வெயில் ஏறுது. பெயிண்ட் போயிரும். மூடுனியா?"

மூடவில்லை. பாதி அவிழ்ந்தபடி அப்படியே கிடந்தது.

"மூடிட்டேன்ப்பா. நீங்க பேசாதீங்க."

அவர் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசவேயில்லை. மூன்றாவது வளைவில், பலகைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. கிருஷ்ணராஜ், "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். சந்தியில், தார் தொடங்கும் இடத்தில், அம்புலன்ஸ் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றது. அதில் வந்த பிள்ளைகள் பாவம், செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார்கள். வேர்க்க வேர்க்க நெஞ்சை அமுக்கினார்கள். பிறகு அவர்களில் ஒருவன் கையுறையைக் கழற்றியபடி தனுஷிகாவைப் பார்த்தான். "நங்கி, கொஞ்சம் முந்தி வந்திருந்தா…" என்று தமிழில் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனை எல்லாம் முடிந்து மறுநாள்தான் பெட்டி வந்தது. அதுவும் சந்தி வரைக்கும்தான். அங்கிருந்து தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ரோட்டு நெடுக வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. மரண உதவிச் சங்கத்துக் கதிரைகள், கூடாரம், கோடியில் அடுப்பு மூட்டி ஓயாமல் பிளேன்டீ. வேன் வாசலை ஒட்டி, லயத்தின் கோடியிலேயே நின்றது. அவிழ்ந்த படங்கை யாரோ இழுத்து மேலே போட்டிருந்தார்கள், கட்டவில்லை. காற்றடிக்கும்போதெல்லாம் அது படபடத்தது.

அண்ணனால் வர முடியவில்லை. அம்மா பெட்டியின் தலைமாட்டில் ஒரு முக்காலியை வைத்து, அதில் சொம்புக்குச் சாய்த்துப் போனை நிறுத்தியிருந்தாள். துஷாந்தன் போனுக்குள்ளிருந்து அழுதான். அழுது ஓய்ந்து, தங்கச்சியைக் கூப்பிட்டான்.

"வேன் வாசல்லதானே நின்னுச்சு, தனுஷி?"

"நின்னுச்சு."

"பெட்ரோல்?"

"இருந்துச்சு."

 அப்பா வேண்டாம் என்று சொன்னதை அவள் சொல்லவில்லை. செத்துக் கிடப்பவர் மேல் பழியைப் போட அவளுக்கு நாக்கு எழவில்லை. தன் மேல் போட்டுக்கொள்ளவும் இன்னும் துணிச்சல் வரவில்லை. போனுக்குள் ஜப்பானில் ஏதோ ரயில் போகிற சத்தம் கேட்டது.

மதியத்துக்கு முன்னால் ஹஸன் காக்கா வந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பால் லொறிக்கு அவர்தான் டிரைவர்; அப்பா கிளீனர். இப்போது டவுனில் மகன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். தடியை ஊன்றி அந்த ஏற்றத்தை ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. பெட்டிக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, கூடாரத்தில் வந்து உட்கார்ந்தார். தனுஷிகா பிளேன்டீத் தட்டோடு அவரிடம் போனாள்.

"என்னா மனிசன் மகள், ஒங்கட வாப்பா" என்றார் ஹஸன் காக்கா. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். சாவு வீட்டில் சாகாத கதைகளைச் சொல்வதுதானே ஆறுதல். "லைசன் இல்லாத காலத்தில லொறிய என்னய விட நல்லா ஓட்டினான். மேல பெக்டரில இருந்து சந்தி மட்டும் நான் கால நீட்டி நித்திர. இவன்தான் ஓட்டுவான். தார் தொடங்குற எடத்தில கரெக்டா நிப்பாட்டுவான். 'எழும்புங்க காக்கா, அரசாங்கம் வந்திருச்சு' எண்டுவான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஹஸன் காக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"நான் ஒருநாள் கேட்ட, டேய் நாகு, பயமில்லயாடா எண்டு. 'தோட்டத்து ரோட்டுல யாரு காக்கா வந்து தாள் கேக்குறது, சந்தி வரைக்கும் நம்ம ராச்சியம்' எண்டு செல்ற. ஒவ்வொரு நாளும் செல்ற."

 தனுஷிகா தட்டைத் தரையில் வைத்தாள். 

சந்தி வரைக்கும். அம்புலன்ஸ் நின்றது சந்தியில். ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகச் சொல்லி அவளை யாருமே கேட்கவில்லை. சந்திக்குக் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்டார்கள். நம்பர் தேவைப்படும் ரோடு தொடங்கும் இடத்தில் வந்து நின்றுகொண்டு, அதுவரைக்கும் கொண்டுவாருங்கள் என்று கேட்டார்கள். ஆட்டோ தாண்டும் பலகையை அந்தச் சின்ன வேனும் தாண்டியிருக்கும். அவளுக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றவில்லை. ஓடி வந்து தூக்கிய மூன்று பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. ரோடு என்றதும் எல்லோர் மனதிலும் பொலிஸ் வந்து நின்றுவிட்டது. அந்த ரோட்டை ராச்சியம் என்று சொன்ன மனிதருக்கே தோன்றவில்லை. லைசன் கைக்கு வந்த நாளோடு அவர் அந்தப் பழைய நாகலிங்கத்தை மறந்தே போயிருந்தார்.

அவளுக்கு அலற வேண்டும்போல இருந்தது. சாவு வீட்டில் அலறுவதற்கு யாரும் காரணம் கேட்கப் போவதில்லை.  ஆனாலும் அவள் பீலியடிக்குப் போய், அங்கே கொட்டும் தண்ணீருக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அம்மாவிடம் இதைச் சொல்ல முடியாது. அண்ணனிடம் சொல்ல முடியாது. உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று தன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியது.

எடுக்கும் நேரம் வந்தது. தப்புக்காரர்கள் நெருப்பில் பறைத் தோலைக் காய்ச்சிக்கொண்டு எழுந்தார்கள். பூப்பாடையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பெட்டி நுழைந்த இடைவெளியில் அது கோடியைத் தாண்டாது. வேன் குறுக்கே நிற்கிறது. தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை.

"தனுஷி" என்று கிருஷ்ணராஜ் மெதுவாக வந்து சொன்னான். "அந்தத் திருப்பம் வரைக்கும் எடுத்துட்டா போதும்."

"கோயில் பூசகூட போடல. இந்த நேரத்துல பொம்பளப் புள்ளயா வண்டிய எடுக்கறது?" என்று யாரோ ஒரு பெரியவர் இழுத்தார்.

அதுவரை தலையைத் தூக்காமல் இருந்த அம்மா தூக்கினாள். "அவ எடுக்கட்டும். அவளுக்கு லைசன் இருக்கு. அவுக எடுத்துக் குடுத்த லைசன்."

தனுஷிகா சாமி தட்டிலிருந்து சாவியை எடுத்தாள். படங்கை மடித்துப் பின் இருக்கையில் போட்டாள். ஆசனம் அப்பாவின் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. நுனியில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு எட்டியது. சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. தினமும் சூடு காட்டிய எஞ்சின் அல்லவா. உள்ளேயிருந்த பெண் வழக்கம்போல ஜப்பானிய மொழியில் கார்டைக் கேட்டாள். பதில் சொல்ல ஆளில்லை.

வேன் நகர்ந்ததும் பின்னால் பாடையைத் தூக்கினார்கள். தப்பு அடி தொடங்கியது. திருப்பம் வந்தது. "அங்கனயே நிப்பாட்டு" என்று கிருஷ்ணராஜ் கத்துவது கேட்டது. காலைப் பிரேக்கில் வைக்கத்தான் நினைத்தாள். வைக்கவில்லை.

முதல் வளைவில் அப்பாவின் செருப்பு மண்ணில் குப்புறக் கிடந்தது. இரண்டாவது வளைவில், அவர் கண்ணைத் திறந்து அவளைத் தேடிய இடம், வெள்ளைக் கொடி ஒன்று கண்ணாடியைத் தடவிவிட்டுப் போனது. மூன்றாவது வளைவு. பலகைப் பாலம் சக்கரத்துக்குக் கீழே ஒருமுறை கடகடத்தது, அவ்வளவுதான். அதற்குள் சந்தி வந்துவிட்டது. கதிரையோடு ஓடியபோது முடிவே இல்லாமல் நீண்ட ரோடு இதுதானா என்று அவளால் நம்ப முடியவில்லை.

தார் தொடங்க ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். எதிரே ரோட்டோர வடிகானில் அம்புலன்ஸ் பிள்ளையின் நீலக் கையுறை ஒன்று கிடந்தது. மேலே தப்புக்காரர்கள் புறப்படும்போது தொடங்கிய அதே அடியைத்தான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாடை கோடியைக்கூடத் தாண்டியிருக்காது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, அடி மாறும்வரை அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சத்தம் மெல்ல மெல்ல மயானத்துப் பக்கம் திரும்பி, இறப்பர் மரங்களுக்குள் தேய்ந்து போனது.

தனுஷிகா இறங்கினாள். சந்தியில் மர நிழல் இல்லை. வெயில் நேராக வேனின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. பின் இருக்கையிலிருந்து படங்கை எடுத்து உதறி, மேலே வீசி, நான்கு பக்கமும் சமமாக இழுத்துவிட்டாள். கயிற்றை ஒவ்வொரு மூலையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். கடைசி முடிச்சை அப்பா போடுவதுபோல இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் பிடித்து, இறுக்கினாள்.